கரீம் அப்துல் ஜப்பார்: கூடைப்பந்துக் களத்தில் ஒரு பெயரின் வரலாறு

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து வரலாற்றில் 1984 ஏப்ரல் 5 ஒரு குறிப்பிடத்தக்க நாள். லாஸ் வேகாஸ் நகரில் யூட்டா ஜாஸ் அணிக்கு எதிராக நடைபெற்ற ஆட்டத்தில், வில்ட் சேம்பர்லின் ஈட்டியிருந்த 31,419 புள்ளிகள் என்னும் சாதனையை முப்பத்தாறு வயது வீரர் ஒருவர் கடந்தார். அரங்கில் ஒலித்த அவரது பெயர் கரீம் அப்துல் ஜப்பார். 1989இல் ஓய்வு பெற்றபோது அவருடைய கணக்கில் 38,387 புள்ளிகள் இருந்தன. 2023 பிப்ரவரி 7 அன்று லெப்ரான் ஜேம்ஸ் அதைக் கடக்கும்வரை, ஏறத்தாழ முப்பத்தொன்பது ஆண்டுகள், அவ்விளையாட்டின் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது ஒரு முஸ்லிம் பெயரே.

அரபு இலக்கணம் கற்பிப்பவனுக்கு ஒரு பெயரைக் கண்டவுடன் அதன் வேர்ச்சொல்லைத் தேடுவது வழக்கமாகிவிடுகிறது. விளையாட்டை ஆழ்ந்து அறிந்தவன் அல்லன் நான். எனினும் இவ்வீரரின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, அது ஒரு பெயரை ஏற்பதும், அதன் விலையைக் கொடுப்பதும், அதன் பொருளை மெல்ல மெல்லக் கற்பதுமான வரலாறாகவே எனக்குத் தோன்றியது. அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

அல்சின்டர் என்னும் பெயர்

1947 ஏப்ரல் 16 அன்று நியூயார்க் நகரில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஃபெர்டினாண்ட் லூயிஸ் அல்சின்டர். தந்தையார் இசைக்கல்வி பெற்றவர். ஆயினும் பிழைப்புக்காகப் போக்குவரத்துக் காவலராகப் பணியாற்றினார். குடும்பத்தின் தந்தைவழி வேர் கரீபியத் தீவான டிரினிடாடில் இருந்தது. அல்சின்டர் என்பது தம் முன்னோர்களை அடிமைகளாக வைத்திருந்த பிரெஞ்சுப் பண்ணையாரின் பெயர் என்றும், அம்முன்னோர் இன்றைய நைஜீரியாவின் யொரூபா இனத்தவர் என்றும் அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். உடைமைப் பொருளுக்கு உடையவன் பெயர் இடப்படுவதுபோல அடிமைகளுக்கு ஆண்டையின் பெயர் இடப்பட்ட காலத்தின் எச்சம் அது.

இளமையிலேயே அவர் அசாதாரண உயரம் பெற்றார். முழு வளர்ச்சியில் 7 அடி 2 அங்குலம். பத்தடி உயரத்தில் வளையம் பொருத்தப்பட்ட ஆட்டத்தில் இவ்வுயரம் ஒரு பெரும் வாய்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் உயரமே திறமையாகிவிடாது. பள்ளிப் பருவத்திலேயே வளையத்தின் இருபுறமும் மாறி மாறி, இரு கைகளாலும் பந்தை இடும் பயிற்சியை அவர் சலிப்பின்றிச் செய்துவந்தார். அவர் படித்த பவர் மெமோரியல் பள்ளியின் அணி தொடர்ச்சியாக 71 ஆட்டங்களில் வென்றது.

அதே ஆண்டுகளில் வேறொரு கல்வியும் நடந்தது. 1964இல் ஹார்லெம் பகுதியில் இளைஞர்களுக்கான இதழியல் பயிற்சியில் சேர்ந்திருந்த அவர், மார்ட்டின் லூதர் கிங்கின் செய்தியாளர் சந்திப்பில் கலந்துகொண்டார். அதே கோடையில் ஹார்லெமில் மூண்ட இனக் கலவரத்தையும் நேரில் கண்டார். பின்னாளில் எழுத்தாளராக அவர் மலர்ந்ததற்கான விதை அங்கே விழுந்தது எனலாம்.

பல்கலைக்கழகமும் புதிய தேடலும்

1965இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலாண்டு மாணவர் முதன்மை அணியில் ஆட அக்கால விதி இடம் தரவில்லை. அடுத்த மூன்றாண்டுகளில், 1967, 1968, 1969 ஆகிய மூன்றிலும், தேசியக் கல்லூரிப் பட்டத்தை அவரது அணியே வென்றது. பயிற்சியாளர் ஜான் வுடன். அம்மூன்றாண்டுகளில் 88 வெற்றிகள், 2 தோல்விகள் மட்டுமே.

1967க்குப் பிறகு கல்லூரி ஆட்டங்களில் பந்தை வளையத்துக்குள் நேரடியாக அழுத்தி இடும் 'டங்க்' முறை தடை செய்யப்பட்டது. அத்தடை 1976வரை நீடித்தது. அவரை மனத்தில் வைத்தே அவ்விதி வந்தது என்று பலரும் கருதினர். தடையைக் குறித்து முறையிட்டுக்கொண்டிருப்பதை விட, தடுக்கப்படாத வேறொரு வழியை முழுமையாக்குவதில் அவர் கவனம் செலுத்தினார். அதுவே அவருக்குப் புகழ் தேடித் தந்த 'ஸ்கை ஹூக்' என்னும் எறிமுறை.

அதன் அமைப்பு எளியது. வீரர் வளையத்துக்கு நேர்முகமாக நிற்காமல் பக்கவாட்டில் நிற்கிறார். இடத்தோளும் இடக்கையும் எதிராளிக்கும் பந்துக்கும் இடையே அரணாக அமைகின்றன. இடக்காலை ஊன்றி எழும்பி, வலக்கையை முழுவதுமாக நீட்டி, அரைவட்டமாகத் தலைக்கு மேல் கொண்டுவந்து, உச்சியில் மணிக்கட்டின் அசைவால் பந்தை விடுகிறார். பந்து இருக்கும் இடத்துக்கும் தடுப்பவரின் கைக்கும் இடையே ஓர் உடலின் அகலம் முழுவதும் இருப்பதால், அதைத் தடுப்பது ஏறத்தாழ இயலாததாயிற்று. பலத்தால் மோதாமல் கோணத்தாலும் நிதானத்தாலும் வெல்லும் முறை அது. உடல் வலிமை குன்றிய நாற்பது வயதிலும் அவருக்குக் கைகொடுத்தது இதுவே.

கல்லூரியின் முதலாண்டில் மால்கம் எக்ஸின் தன்வரலாற்றை அவர் படித்தார். 1967 ஜூனில், வியட்நாம் போருக்கான படைச்சேர்ப்பை மறுத்த முஹம்மத் அலியைச் சந்திக்க கிளீவ்லாந்தில் கூடிய கறுப்பின விளையாட்டு வீரர்களுள் அவரே வயதில் இளையவர். 1968இல் கலிமா மொழிந்து இஸ்லாத்தை ஏற்றார். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து, அவ்வாண்டு ஒலிம்பிக் போட்டிக்குச் செல்வதைத் தவிர்த்தார். அந்தக் கோடையை நியூயார்க் சிறுவர்களுக்குக் கூடைப்பந்து கற்பிப்பதில் கழித்தார்.

ஒரே விலை

1969இல் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைந்தார். அங்கே வீரர் தாம் விரும்பிய அணியில் சேர முடியாது. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்குப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை உண்டு. அன்றைய முறைப்படி இரு பிரிவுகளின் கடைசி அணிகளுக்கிடையே நாணயம் சுண்டப்பட்டது. ஃபீனிக்ஸ் தோற்க, மில்வாக்கி பக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றது. என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக அப்போது ஏ.பி.ஏ. என்னும் மற்றொரு சங்கமும் இருந்தது. அதன் நியூயார்க் அணியும் அவரை விரும்பியது.

அப்போது அவர் விதித்த நிபந்தனை சிந்திக்கத்தக்கது. இரு தரப்பாரும் ஒரே ஒரு முறை தொகை கூற வேண்டும். கூடுதலாகக் கூறுபவருடன் ஒப்பந்தம் செய்வேன் என்றார். மில்வாக்கியின் தொகையே கூடுதலாக இருந்தது. பின்னர் மறுதரப்பார் அதைவிடப் பெருந்தொகையுடன் திரும்பி வந்தனர். ஏலப் பொருளாக நிற்பது மனிதத் தன்மைக்கு இழுக்கு என்று கருதிய அவர், சொன்ன சொல்லில் நின்றார். ஒருவர் பேசி முடித்த வணிகத்தின் மீது மற்றவர் விலை பேசுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை ஃபிக்ஹு நூல்களின் வணிகப் பாடத்தில் நாம் படிக்கிறோம். அவர் அந்தச் சட்டத்தை எண்ணித்தான் இவ்வாறு செய்தார் என்று நாம் கூறுவதற்கில்லை. ஆனால் அச்சட்டம் காக்க விரும்பும் நேர்மை இதில் இருக்கிறது.

1968இல் தொடங்கப்பட்ட மில்வாக்கி அணி, முதற்பருவத்தில் 82 ஆட்டங்களில் 27இல் மட்டுமே வென்றிருந்தது. அவர் வந்த ஆண்டில் 56 வெற்றிகள். அடுத்த ஆண்டு ஆஸ்கர் ராபர்ட்சனும் வந்து சேர, 66 வெற்றிகள். 1971 இறுதிப் போட்டியில் பால்டிமோர் அணியை நான்கு ஆட்டங்களிலும் வென்று பட்டம் பெற்றது. அவ்வாண்டின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. பின்னர் 1972, 1974, 1976, 1977, 1980 ஆகிய ஆண்டுகளிலும் அவ்விருதைப் பெற்றார். ஆறு முறை அதை வென்றவர் வேறு எவரும் இல்லை.

பெயரின் பொருள்

பட்டம் வென்ற அதே 1971இல், இல்லினாய் மாநிலச் சட்டப்படி தம் பெயரை கரீம் அப்துல் ஜப்பார் எனப் பதிவு செய்துகொண்டார். நாடறிந்த பெயரை, புகழின் உச்சியில் இருக்கும்போதே விட்டுவிடுவது எளிதன்று. பல ரசிகர்கள் அதை நன்றிகெட்ட செயலாகக் கண்டனர். அவரோ, அடிமைப்படுத்தியவனின் பெயரிலிருந்து விடுபட்டதாக அதைக் கண்டார்.

'கரீம்' என்பதற்குக் கண்ணியமானவர், கொடையாளர் என்னும் இரு பொருள்களும் உண்டு. 'ஜப்பார்' என்பதே ஆழ்ந்து நோக்கத்தக்கது. அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தில் அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்றாக அது வருகிறது. அதன் வேரான 'ஜப்ர்' என்பதற்கு அடக்கி ஆளுதல் என்று ஒரு பொருள். முறிந்ததைச் சேர்த்துக் கட்டுதல் என்று மற்றொரு பொருள். எலும்பு முறிவுக்குக் கட்டும் பத்தையை 'ஜபீரா' என்கிறோம். உளூவின்போது அதன்மீது மஸ்ஹு செய்யும் சட்டம் மத்ரஸா மாணவர் அனைவரும் அறிந்தது. 'அல்ஜீப்ரா' என்னும் கணிதப் பிரிவின் பெயரும் அல்குவாரிஸ்மி பயன்படுத்திய 'அல்ஜப்ர்' என்னும் இதே சொல்லிலிருந்து பிறந்ததே.

இன்னொரு நுட்பமும் உண்டு. இறைவனுக்குப் புகழாக அமையும் இச்சொல், மனிதனுக்குச் சொல்லப்படும்போது இகழாகிவிடுகிறது. யஹ்யா (அலை) அவர்கள் 'ஜப்பாராக' இருக்கவில்லை என்றே திருக்குர்ஆன் அவர்களைப் புகழ்கிறது. எனவே 'அப்து' என்னும் முற்சொல் வெறும் அலங்காரமன்று. முழுப் பொருளும் அதில்தான் நிற்கிறது. நம் ஊர்களில் அப்துல் ஜப்பார் 'ஜப்பார் பாய்' ஆகிவிடுவதுபோல, அமெரிக்க வர்ணனையாளர்களும் பல நேரங்களில் 'ஜப்பார்' என்றே சுருக்கி அழைத்தனர். அடக்கி ஆள்பவன் என்ற பெயருடன் நிற்பதா, அடக்கி ஆள்பவனின் அடியான் என்ற பெயருடன் நிற்பதா என்பது ஒவ்வோர் அப்துல் ஜப்பாருக்கும் முன்னுள்ள கேள்வி.

இவருக்கும் அக்கேள்வி எழுந்தது. 1974இல் கண்ணில் அடிபட்ட ஆத்திரத்தில் வளையத்தைத் தாங்கும் கம்பத்தைக் குத்திக் கையை முறித்துக்கொண்டார். அதன்பின் கண்ணைக் காக்க அணிந்த கண்ணாடி அவருடைய அடையாளமாயிற்று. 1977 அக்டோபரில், தம்மை முழங்கையால் இடித்த கென்ட் பென்சன் என்னும் புதிய வீரரை முகத்தில் குத்தினார். அவர் கை மீண்டும் முறிந்தது. 5,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. மல்யுத்தத்தில் வீழ்த்துபவனைவிடக் கோபத்தை அடக்குபவனே வலியவன் என்னும் நபிமொழியின் பொருளை, முறிந்த கையுடன் அவர் கற்க நேர்ந்தது.

ஆசானும் பெற்றோரும்

இவ்வரலாற்றின் வேதனை மிக்க பகுதி களத்துக்கு வெளியே நிகழ்ந்தது. இஸ்லாத்தில் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் ஹமாஸ் அப்துல் காலிஸ். முன்னாள் ஜாஸ் இசைக்கலைஞர். 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்திலிருந்து விலகி, தனியே ஒரு குழுவை நடத்தியவர். கரீம் என்னும் பெயரைத் தந்தவரும், 1971இல் மணப்பெண்ணைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அத்திருமணத்தில் கரீமின் பெற்றோருக்கு இடமளிக்கப்படவில்லை. அந்தத் தவற்றைச் சரிசெய்யத் தமக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று என்று கரீம் பின்னர் வருந்தி எழுதினார்.

வேறு சமயத்தவரான பெற்றோருடனும் இவ்வுலகில் நல்லுறவு பேணுமாறு லுக்மான் அத்தியாயம் பணிக்கிறது. இணைவைப்பவராக இருந்த தம் தாய் தம்மைக் காண வந்தபோது என்ன செய்வதென்று அஸ்மா பின்த் அபீபக்ர் (ரளி) அவர்கள் கேட்டதற்கு, உறவைப் பேணுமாறே நபியவர்கள் விடையளித்தார்கள். தீனுக்குள் புதிதாக வரும் ஒருவருக்கு முதலில் கற்பிக்கப்பட வேண்டிய இப்பாடம், அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. அந்த இளைஞரைக் குறை கூறுவதைவிட, கற்பிக்கும் பொறுப்பில் இருக்கும் நாம் நம்மைக் கேட்டுக்கொள்வதே தகும். புதிதாக வருபவரின் கரத்தை நாம் குர்ஆனின் மீது வைக்கிறோமா, நம்முடைய விருப்பத்தின் மீது வைக்கிறோமா?

வாஷிங்டனில் அப்துல் காலிஸின் குழுவுக்காகக் கரீம் ஒரு வீட்டை வாங்கித் தந்திருந்தார். 1973 ஜனவரி 18 அன்று அவ்வீட்டுக்குள் புகுந்த கொலையாளிகள், குழந்தைகள் உட்பட ஏழு பேரைக் கொன்றனர். நேஷன் ஆஃப் இஸ்லாமை அப்துல் காலிஸ் வெளிப்படையாகக் கண்டித்ததற்கான பழிவாங்கல் அது. துயரத்தால் நிலைகுலைந்த அவர், 1977 மார்ச்சில் தம் ஆட்களுடன் வாஷிங்டனில் மூன்று கட்டடங்களைக் கைப்பற்றி நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிணையாகப் பிடித்துச் சிறை சென்றார். 

அதற்கு முன்பே கரீம் வேறு வழியில் நடக்கத் தொடங்கியிருந்தார். ஆசானின் விளக்கங்கள் சிலவற்றில் ஐயம் கொண்டு, 1973இல் லிபியாவுக்கும் சவூதி அரேபியாவுக்கும் பயணம் செய்து, திருக்குர்ஆனைத் தாமே படித்தறியும் அளவுக்கு அரபு கற்க முனைந்தார். கோடிக்கணக்கானோர் கைதட்டும் ஒரு வீரர், எழுத்துக் கூட்டிப் படிக்கும் மாணவராக அமர்ந்தார். அவரது வாழ்வில் எனக்கு மிகவும் நெருக்கமான காட்சி இதுவே. எவரையும் பழிக்காமல், மூலமொழியின் வாயிலாகத் தெளிவைத் தேடிய செயல் அது.

நெடிய பிற்பகல்

1975இல் அவரது விருப்பப்படி லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். 1979இல் மேஜிக் ஜான்சன் வந்து இணைந்தபின் 1980, 1982, 1985, 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி பட்டம் வென்றது.

இவற்றுள் 1985ஆம் ஆண்டு இறுதிப் போட்டி தனித்துக் கூறத்தக்கது. பாஸ்டன் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் லேக்கர்ஸ் 148க்கு 114 என்ற கணக்கில் படுதோல்வி அடைந்தது. முப்பத்தெட்டு வயதான கரீம் 12 புள்ளிகளும் 3 ரீபவுண்டுகளும் மட்டுமே எடுத்தார். அவர் காலம் முடிந்தது என்றே பலரும் கருதினர். அடுத்த ஆட்டத்தில் அவர் 30 புள்ளிகளும் 17 ரீபவுண்டுகளும் எடுத்தார். ஆறாவது ஆட்டத்தில் பட்டம் லேக்கர்ஸ் வசமாயிற்று. இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் விருது கரீமுக்குக் கிடைத்தது. முறிந்ததைச் சேர்த்துக் கட்டுதல் என்னும் 'ஜப்ர்' இங்கே நினைவுக்கு வருகிறது.

மறு ஆண்டு மேற்குப் பிரிவு இறுதியில் லேக்கர்ஸை ஹூஸ்டன் அணி 4க்கு 1 என வீழ்த்தியது. அவ்வணியின் நடுநாயகமாக விளங்கியவர் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த யொரூபா இளைஞர் ஒலாஜுவான். அன்று 'அகீம்' என எழுதப்பட்ட தம் பெயரை, 1991இல் அரபு மூலத்துக்கு ஏற்ப 'ஹகீம்' எனத் திருத்திக்கொண்டவர். அட்லாண்டிக் கடல் கடந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட யொரூபா மக்களின் வழித்தோன்றலும், தாயகத்திலேயே வளர்ந்த யொரூபா இளைஞரும், கரீம் என்றும் ஹகீம் என்றும் ஒரே களத்தில் எதிரெதிரே நின்றனர்.

இருபது பருவங்கள், 1,560 ஆட்டங்களுக்குப் பின் 1989இல் நாற்பத்திரண்டாம் வயதில் கரீம் ஓய்வு பெற்றார். மூன்று புள்ளி தரும் தொலைவு எறியில், அவ்விதி வந்தபின் ஆடிய பத்துப் பருவங்களிலும் அவர் வெற்றி கண்டது ஒரே ஒரு முறை. எஞ்சியவை யாவும் இரண்டு இரண்டாகவும் ஒன்று ஒன்றாகவும் சேர்ந்தவை. சிறிதாயினும் இடைவிடாது செய்யப்படும் செயலின் மதிப்பை உணர்ந்தவர்களுக்கு அக்கணக்கு புதிதாகத் தோன்றாது.

நீதிமன்றத்தில் பெயர்

ஓய்வுக்குப் பின்னும் பெயர் அவரை விடவில்லை. 1993இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒரு கார் விளம்பரத்தில் லூ அல்சின்டர் என்ற பழைய பெயரை அனுமதியின்றிப் பயன்படுத்தியது. அது கைவிடப்பட்ட பெயர்தானே என்று நிறுவனம் வாதிட்டது. பிறந்தபோது இட்ட பெயர் கைவிடப்பட்டதாகக் கொள்ளத்தக்கதன்று என 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

அடுத்த வழக்கு விந்தையானது. இஸ்லாத்தை ஏற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவர் 'கரீம் அப்துல் ஜப்பார்' என்றே பெயர் சூடி, 33 என்ற அதே எண்ணுடன் ஆடினார். தம் பெயரின் வணிக மதிப்பை அவர் பயன்படுத்துவதாகக் கரீம் வழக்குத் தொடுத்தார். 1998இல் அது சமரசத்தில் முடிந்தது. பின்னர் அவ்வீரர் 'அப்துல் கரீம் அல்ஜப்பார்' ஆனார். 'அப்து' இடம் மாறியதால் 'அல்ஜப்பார்' காவலின்றி நிற்பதை அரபு அறிந்தவர் கவனிப்பர். வணிகச் சட்டப்படி கரீமின் தரப்பில் நியாயம் இருந்திருக்கலாம். ஆயினும், இறைவனின் அடியான் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் உரிமை எவருடைய தனிச்சொத்தும் ஆகாது என்றே நான் கருதுகிறேன்.

பிற்காலத்தை அவர் எழுத்துக்கும் கல்விக்கும் அளித்தார். இரண்டாம் உலகப் போரில் போரிட்ட கறுப்பின டாங்கிப் படையைப் பற்றியும், ஹார்லெமின் மறுமலர்ச்சியைப் பற்றியும் நூல்கள் எழுதினார். அரிசோனாவில் அப்பாச்சி பழங்குடி மாணவர்களுக்கு ஒரு பருவம் பயிற்சியளித்தார். ஏழை மாணவர்களுக்கு அறிவியல் கல்வி தர ஓர் அறக்கட்டளை நிறுவினார். 2008இல் இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டபின், அந்நோய் குறித்த விழிப்புணர்வுக்காகப் பேசினார். 2016இல் அமெரிக்காவின் உயரிய குடிமை விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. உலகின் எங்கோ ஒரு மூலையில் நிகழும் வன்முறைக்கு முஸ்லிம்கள் அனைவரும் விடை சொல்ல வேண்டிய நிலை வந்த ஆண்டுகளில், அமைதியாகவும் தெளிவாகவும் எழுதியவர்களுள் அவரும் ஒருவர்.

2023இல் தம் சாதனை முறியடிக்கப்பட்ட இரவில் அவர் அரங்கிலேயே அமர்ந்திருந்தார். ஆட்டம் நிறுத்தப்பட்டபோது எழுந்து வந்து, பந்தைத் தம் கையாலேயே லெப்ரான் ஜேம்ஸிடம் ஒப்படைத்தார். முப்பத்தொன்பது ஆண்டுகள் தம்மிடம் இருந்ததைக் கண்ணியமாகக் கைமாற்றிய அக்கணத்தில், கரீம் என்னும் பெயருக்கு அகராதி தரும் இரு பொருள்களும் அவரிடம் பொருந்தியிருந்தன.